கேஷுவல்டி என்றால் ‘பலி’ அல்ல

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்று ‘கேசுவாலிட்டி எங்கே?’ என்று கேட்டால் வாட்ச்மேன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கைகாட்டுவார். அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடம் என்றுதான் அந்தச் சொல் நமக்குப் பழக்கம். உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்றத்தான் அங்கே போகிறோம். அதே ‘கேஷுவல்டி’ போர்ச் செய்தியில் வரும்போது மட்டும் மொழிபெயர்ப்பவர் கையில் ‘பலி’ ஆகிவிடுகிறது.

ஆப்கானிஸ்தானில் 2018-இல் பொதுமக்களில் கேஷுவல்டி 10,993 என்று ஐ.நா. தூதுக்குழு அறிக்கை வெளியிட்டது. இதை ‘10,993 பேர் பலி’ என்று எழுதினால், காயத்தோடு பிழைத்த 7,189 பேரை நாமே கொன்றுவிட்டதாக ஆகும். இறந்தவர்கள் 3,804 பேர்.

சொல்லின் வேர் லத்தீன். ‘கடெரே’ என்றால் விழுதல். அதிலிருந்து வந்த ‘காசுஸ்’ விழுவதையும், தற்செயலாக வந்து நேர்வதையும் குறித்தது. கேஷுவல், ஆக்சிடென்ட், சான்ஸ் எல்லாம் இந்த ஒரே வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்துக்கு 15-ஆம் நூற்றாண்டில் வந்தபோது கேஷுவல்டிக்குப் பொருள் தற்செயல், எதிர்பாராமல் வந்த இழப்பு. அப்புறம் படைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சண்டைக்குப் பிறகு பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லாதவர் எல்லாரும் கேஷுவல்டி: செத்தவர், படுகாயம் பட்டவர், எதிரியிடம் சிக்கியவர், காணாமல் போனவர். மறுநாள் சண்டைக்கு எத்தனை பேர் தேறுவார்கள் என்பதே தளபதியின் கவலை. ‘ஒரு கேஷுவல்டி’ என்று தனி ஆளைச் சொல்லும் வழக்கு 19-ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது.

‘பலி’யின் கதை வேறு. அது படையல். குறுந்தொகையின் 210-ஆம் பாட்டில் ‘விருந்து வரக் கரைந்த காக்கையது பலியே’ என்று வருவது காக்கைக்கு வைக்கும் சோறு. அங்கிருந்து உயிர்ப்பலியாகி, பின் விபத்திலோ போரிலோ செத்தவர்களுக்கான தலைப்புச் சொல்லாகிவிட்டது. இரண்டே எழுத்து, தலைப்பில் இடம் மிச்சம். உதவி ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் படையல் என்றால் யாரோ யாருக்கோ கொடுத்ததாக இருக்க வேண்டும். குண்டு விழுந்து செத்தவரை யாருக்குப் படைத்தார்கள்?

சரி, தமிழில் என்ன சொல்வது? படைக்கு ‘ஆளிழப்பு’ பொருந்தும். செத்தாலும் சிறைப்பட்டாலும் படைக்கு அந்த ஆள் இல்லை. பொதுமக்களுக்கு அது பொருந்தாது, அவர்கள் எந்தப் படையின் கணக்கிலும் இருந்த ஆட்கள் அல்லர். அவர்கள் விஷயத்தில் சொல்லை உடைத்து ‘கொல்லப்பட்டோர் இத்தனை, காயமடைந்தோர் இத்தனை’ என்று எழுதுவதுதான் நேர்மை. கூடவே இன்னொன்று: சிவிலியன் என்பதைக் ‘குடிமக்கள்’ என்று எழுதுகிறார்கள். படைவீரரும் குடிமகன்தானே? பொதுமக்கள் என்பதே சரி. ஜெனிவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, ஒருவர் யார் என்று ஐயம் வந்தால் அவரைப் பொதுமக்களில் ஒருவராகவே கொள்ள வேண்டும் என்கிறது. கள நிலவரம் பெரும்பாலும் தலைகீழ். செத்த ஆண்பிள்ளை சண்டை போடும் வயதில் இருந்தால் ‘போராளி’ என்று எழுதிவிடுவது எளிது.

போர்ச்சாவுகளைக் கணக்கிடுவதில் உள்ள சிக்கலும் இந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. படைக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு, அதனால் குறைந்தது யார் என்று தெரியும். ஊருக்கு அப்படி ஒன்று இல்லை. இருந்த பிறப்பு இறப்புப் பதிவேடும் போரில் முதலில் எரியும் கட்டடத்தில்தான் இருக்கும். முன்னே எத்தனை பேர் இருந்தார்கள் என்றே தெரியாதபோது எத்தனை பேர் குறைந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

அந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம். 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் நேச நாடுகளின் குண்டுவீச்சில் எரிந்தது. அடுத்த மாதம் நகரக் காவல்துறை எழுதிய குறிப்பில் அதுவரை மீட்ட உடல்கள் 20,204. நாஜிப் பிரசாரம் கடைசியில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து 2,02,040 ஆக்கியது. அந்தப் பொய் எண் போர் முடிந்து பல ஆண்டுகள் புத்தகங்களில் உலவியது. நகரம் அமைத்த வரலாற்றாய்வாளர் குழு, 2010-இல், 25,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று முடித்து வைத்தது.

ஈராக்கில் பிரச்சினை பொய் அல்ல, முறை. லான்செட் மருத்துவ இதழில் 2006 அக்டோபரில் ஓர் ஆய்வு வந்தது. 47 இடங்களில் 1,849 வீடுகளுக்குப் போய், 2003-இல் நடந்த அமெரிக்கப் படையெடுப்புக்கு முன்னும் பின்னும் வீட்டில் யார் இறந்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். விடை: 6,54,965 ‘மிகை இறப்புகள்’, அதாவது போர் வராமல் இருந்திருந்தால் நேர்ந்திராத சாவுகள். அதில் 6,01,027 வன்முறையால். இதே காலத்துக்கு ஈராக் அரசும் உலக சுகாதார நிறுவனமும் 9,345 வீடுகளில் நடத்திய ஆய்வு, வன்முறைச் சாவுகள் 1,51,000 என்றது. இரண்டுக்கும் நடுவே நான்கு மடங்கு. லான்செட் குழு முதன்மைச் சாலைகளுக்குப் பக்கத்து வீடுகளையே அதிகம் எடுத்துவிட்டது, குண்டு வெடிப்பதும் அங்கேதான் என்று விமர்சித்தார்கள். இன்னொரு பக்கம் அரசு ஆய்வுக் குழுவால் மிக ஆபத்தான சில பகுதிகளுக்குள் போகவே முடியவில்லை. பத்திரிகைச் செய்தியையும் பிணவறைக் கணக்கையும் வைத்து எண்ணிய ‘ஈராக் பாடி கவுண்ட்’ பட்டியல் இவை இரண்டுக்கும் வெகு கீழே நின்றது, அது பதிவான சாவுகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று: லான்செட் எண்ணில் போராளிகளும் உண்டு, மருந்து கிடைக்காமல் செத்தவர்களும் உண்டு. ‘ஆறரை லட்சம் பொதுமக்கள் பலி’ என்று எழுதினால் நான்கு சொல்லில் இரண்டு தப்பு.

போஸ்னியாவில் வேறு வழியில் போனார்கள். போர்க்காலத்தில் இரண்டு லட்சம் என்று பேசப்பட்டது. சரயேவோவின் ஆய்வு ஆவண மையம் ஆள் ஆளாகப் பெயர் எழுதி, 2007-இல் 97,207 என்று வெளியிட்டது. படையினரும் அதில் சேர்த்தி. இல்லாத பட்டியலைச் செத்த பிறகு உண்டாக்கியது போல. சிரியாவில் பெயர் கிடைத்தது 1,43,350 பொதுமக்களுக்கு. எட்டுப் பட்டியல்களில் ஒரே பெயர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று பார்த்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று கணித்தார்கள். அந்தக் கணிப்பையும் சேர்த்து 2011 முதல் பத்தாண்டுக்கு 3,06,887 என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022-இல் சொன்னது.

இலங்கைப் போரின் கடைசிக் களமான வன்னிக்கு வருவோம். ‘ஜீரோ சிவிலியன் கேஷுவல்டி’ என்பதே தன் கொள்கை என்று இலங்கை அரசு சொல்லிவந்தது. சொல்லின் முழுப் பொருளில் பார்த்தால் அது ஒரு காயம்கூட இல்லை என்பதாகும். ஐ.நா.வின் கொழும்பு அலுவலகம் வெளியிடாமல் வைத்திருந்த கணக்கு, 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை கொல்லப்பட்டோர் 7,721, காயமடைந்தோர் 18,479. அதற்குப் பிறகு எண்ண முடியாமல் போனது. கடைசி நாட்கள் அதில் இல்லை. 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு, 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என நம்பத்தக்க தரப்புகள் மதிப்பிடுவதாக எழுதியது. முதலது எண்ணிக்கை, இரண்டாவது மதிப்பீடு. இரண்டையும் ‘பலி’ என்ற ஒரே சொல்லில் போட்டால் ஒன்று மற்றதைப் பொய்யாக்குவது போல் தெரியும்.

அங்கேயும் முட்டுக்கட்டை, முன்னே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான். 2009 தொடக்கத்தில் சண்டை நடந்த பகுதியில் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்றது அரசு, உணவு லாரிகளும் அந்தக் கணக்கை ஒட்டியே அனுப்பப்பட்டன. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,80,000-க்கும் மேல்.