ஆண் இல்லாத தொட்டியில் குஞ்சுகள்

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். நான்கு கப்பி மீன்கள் வாங்கினாராம்: மூன்று ஆண், ஒரு பெண். இரண்டே வாரத்தில் ஆண்கள் மூன்றும் செத்துவிட்டன. தனியாக மிஞ்சிய பெண் அதன்பிறகு மூன்று ஈத்து குஞ்சு போட்டுவிட்டது. "பக்கத்து வீட்டம்மா தெய்வச் செயல் என்கிறார். ஆண் இல்லாமல் இது எப்படி முடியும்?"

பக்கத்து வீட்டம்மாவைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முதன்முதலில் என் தொட்டியில் இப்படி நடந்தபோது நான் என் தம்பியைச் சந்தேகப்பட்டேன். எனக்குத் தெரியாமல் ஓர் ஆணை விட்டுவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போனானோ என்று ஒரு வாரம் அவனைக் குடைந்தேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பி முட்டையிடாது, குஞ்சு போடும். கரு வளர்வது தாயின் வயிற்றுக்குள்ளே என்றாலும், அதற்குச் சாப்பாடு பெரும்பாலும் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்துதான். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு ஈத்து. ஆணுக்கு அடிவயிற்றுத் துடுப்புகளில் ஒன்று குழல்போல நீண்டு, விந்தணுவைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்தும் கருவியாக மாறியிருக்கும். பள்ளிப் பாடத்தில் படித்த 'உள் கருவுறுதல்' இதுதான்.

சுவாரசியம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கெண்டை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விந்தணு தண்ணீரில் விழுந்த கணத்திலிருந்து துள்ளி நீந்தும். ஓரிரு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். கையில் இருக்கும் ஆற்றல் அவ்வளவுதான். கப்பியின் விந்தணுக்கள் அப்படித் தனித்தனியாகக் கிளம்புவதில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து, தலைகள் வெளியே தெரிய வால்கள் உள்ளே மடங்க, கல்யாண வீட்டுப் பூப்பந்துபோலப் பொட்டலமாக வருகின்றன. பெண்ணின் உடலுக்குள் போனபின் பந்து அவிழ்கிறது. அப்போது தயாராக இருக்கும் முட்டைகளைச் சில விந்தணுக்கள் சேர்கின்றன. மீதி எங்கே போகின்றன?

தங்கிவிடுகின்றன. சினைப்பையிலும் அதற்குச் செல்லும் குழாயிலும் நுண்ணிய மடிப்புகள் உண்டு. அந்த இடுக்குகளில் விந்தணுக்கள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடக்கின்றன. சும்மா கிடந்தாலும் உயிரோடு இருக்க ஆற்றல் வேண்டுமே? சினைப்பையில் ஊறும் திரவத்தில் சர்க்கரை இருக்கிறது. கப்பியின் விந்தணுவால் வெளியில் இருக்கும் குளுக்கோஸை உள்ளே இழுத்து எரிக்க முடியும். கெண்டையின் விந்தணு கட்டுச்சோற்றோடு கிளம்பிய வழிப்போக்கன் என்றால், கப்பியுடையது மாமியார் வீட்டில் வேளா வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளை. ஒரு ஈத்து முடிந்ததும் அடுத்த தொகுதி முட்டைகள் சில நாட்களில் முதிரும். கையிருப்பிலிருந்து விந்தணுக்கள் போய்ச் சேரும். ஒரே சேர்க்கையின் இருப்பை வைத்து எட்டு மாதம்வரை குஞ்சு போட்ட மீன்கள் உண்டு. நாளாக ஆக இருப்பு குறையும், குஞ்சுகளின் எண்ணிக்கையும் குறையும்.

இடையில் வேறோர் ஆண் வந்தால்? பழைய சரக்கும் புது சரக்கும் கலந்துவிடும். பெரும்பாலும் புதியதன் கைதான் ஓங்கும். இதைக் கண்டுபிடிக்க மரபணுச் சோதனை வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. ஆண் கப்பியின் சில புள்ளிகளுக்கான மரபணு, ஆணிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமில் இருக்கிறது. அப்பனின் கறுப்புப் புள்ளி மகன்களுக்கு அப்படியே வரும், மகள்களிடம் தெரியாது. டென்மார்க்கில் ஓய்விண்ட் விங்கே என்ற மரபியலாளர் 1920களில் இந்தப் புள்ளிகளை வைத்துத்தான் மீன்களுக்கு வம்சாவளி எழுதினார். மகன் முதுகைப் பார்த்தாலே தகப்பன் பெயர் தெரிந்துவிடும்.

காட்டு ஓடைகளில் இந்தச் சேமிப்புக்கு இன்னும் மதிப்பு அதிகம். வண்ணம் பளிச்சென்று இருப்பதால் ஆண்கள் எதிரிகளின் கண்ணில் முதலில் படும், சீக்கிரம் சாகும். பெண்கள் அவற்றைவிட நெடுநாள் வாழும். டிரினிடாட் தீவின் ஓடைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. இறந்து மாதக்கணக்கான ஆண்களுக்கு அங்கே புதிதாகக் குஞ்சுகள் பிறந்துகொண்டிருந்தன. திதி கொடுத்து முடித்த பிறகும் வாரிசு பிறக்கும் குடும்பம்!

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு காரியம் இருக்கிறது. கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் நீந்துகின்றன. ஆகவே கொளத்தூர் மீன் சந்தையிலோ வேறெங்கோ நீங்கள் வாங்கும் பெண் கப்பி ஏற்கெனவே சரக்கோடுதான் வருகிறது. ஆயிரம் ரூபாய்க்கு உயர்சாதி ஆணை வாங்கி அதோடு சேர்த்துவிட்டு, சில குஞ்சுகள் சாதாரணமாக இருக்கின்றனவே என்று வருந்திப் பயனில்லை. வம்ச வரிசை கெடாமல் வளர்க்க வேண்டுமானால் நான்காவது வாரத்திலேயே பெண் குஞ்சுகளைப் பிரித்துவிட வேண்டும். வால் பக்கமாக வயிற்றின் ஓரத்தில் கருமை தெரிந்தால் பெண். ஒரு நாள் சோம்பினாலும் முறைப்பையன் முந்திக்கொள்வான். மற்றதெல்லாம் எளிது: தாயே குஞ்சைத் தின்னும் என்பதால் பாசி நிறையப் போடுங்கள், முதல் நாட்களில் முட்டையிலிருந்து அப்போதுதான் பொரிந்து வந்த ஆர்டீமியா (நுண்ணிய உப்புநீர் உயிரி) கொடுங்கள்.

ஆண்கள் ஏன் செத்தன என்று வாசகி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்று யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள். கண்டம் அல்ல, தொட்டி புதிது என்றால் பெரும்பாலும் அமோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் இந்த நஞ்சைச் சிதைக்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் நான்கு மீன்களை விட்டால் வாஸ்து பார்த்த மூலையில் வைத்தாலும் சில சாகலாம்.

இந்தச் சேமிப்புக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 2011இல் வெளியான ஒரு சோதனையில், டிரினிடாடில் தொட்டிக்கு ஒரே ஒரு பெண் கப்பி வீதம் விட்டுவைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் பெரும்பாலான தொட்டிகளில் கூட்டம் பெருகியிருந்தது. கொசுப்புழுவைத் தின்னும் என்று இந்தியாவுக்கு 1908இல் கொண்டுவரப்பட்ட மீன் இது. இன்றும் கிணற்றிலும் குளத்திலும் விடுகிறார்கள். மூடிய தொட்டியில் விடுவது சரி. குளத்தில் விட்டால் திரும்ப எடுக்க முடியாது. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நம் ஊர் நீர்நிலைகளில் மேலாக நீந்தும் சிறு மீனும் கொசுப்புழுவைத் தின்னத்தான் செய்கிறது. அதை வளர்த்துப் பெருக்கும் ஆய்வுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

மதுரை வாசகிக்கு ஒரு வார்த்தை. முதல் மூன்று ஈத்துக்கும் தகப்பன் அந்தச் செத்துப்போன ஆண்களில் ஒன்றோ, கடைத் தொட்டியில் இருந்த வேறொன்றோதான். ஆனால் முதல் ஈத்தின் மகன்களுக்கு இப்போது இரண்டு மாதம் ஆகியிருக்கும், அடிவயிற்றுத் துடுப்பு நீண்டிருக்கும். நான்காவது ஈத்தின் தகப்பன் யார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.