எந்த லாட் முதலில் சாயத்துக்குப் போகணும்?

திருப்பூரில் ஒரு டீ-சர்ட் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது எப்போதும் நடப்பதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாகி, அங்கிருந்து டையிங் (சாயம் ஏற்றுவது), காம்பாக்டிங் (பின்னால் சுருங்காதபடி துணியை அழுத்தி எடுப்பது), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று பல சமயம் ஆளுக்கொரு யூனிட்டில் ஏறி இறங்கித்தான் பெட்டிக்குள் போகும். எந்த லாட் (ஒன்றாகச் சேர்ந்து நகரும் ஒரு தொகுதித் துணி) எங்கே, எப்போது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

வரிசையை மாற்றினால் பெரிதாக என்ன ஆகிவிடும்? சின்னக் கணக்கு போடுவோம். ஒரு லாட்டுக்குச் சாயம் 1 நாள், தையல் 4 நாள். இன்னொன்றுக்குச் சாயம் 4 நாள், தையல் 1 நாள். ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு லாட்தான் ஓடும். முதல் லாட்டை முன்னால் விட்டால் எல்லாம் 6 நாளில் முடியும். இரண்டாவதை முன்னால் விட்டால் 9 நாள்! அதே மெஷின், அதே ஆட்கள். தையல்காரர்கள் முதல் நாலு நாள் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் வித்தியாசம்.

இரண்டே கட்டம் என்றால் இதற்கு அழகான விதி உண்டு, ஜான்சன் என்பவர் 1954-இல் சொன்னது: இருப்பதிலேயே குறைந்த நேரம் முதல் கட்டத்தில் இருந்தால் அந்த லாட் வரிசையின் முன்னால், இரண்டாம் கட்டத்தில் இருந்தால் கடைசியில், மிச்சத்துக்கும் இப்படியே. மூன்று கட்டம் வந்தாலே பொதுவாக இந்த விதி கைகொடுக்காது. 10 வேலை, 10 மெஷின் கொண்ட ஒரு பிரபலமான வரிசைப் புதிர் 1963-இல் அச்சில் வந்தது, அதற்குச் சிறந்த விடை இதுதான் என்று நிரூபிக்க 1989 வரை ஆனது. பத்துக்குப் பத்துக்கே இந்தப் பாடு.

நிஜத்தில் தலைவலி இன்னும் அதிகம். கறுப்பு ஓட்டிய மெஷினில் அடுத்து வெளிர் மஞ்சள் போட்டால் துணியில் கறை ஏறும், நன்றாகக் கழுவ வேண்டும், நேரமும் தண்ணீரும் போகும், அதனால் சாயப்பட்டறைக்காரர் வெளிரில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போகவே விரும்புவார், ஆனால் தையலுக்கு அவசரமாக வேண்டியது அந்தக் கறுப்பாகத்தான் இருக்கும். கூலிக்குச் சாயம் போட்டுத் தரும் ஜாப் ஒர்க் என்பதால் அவரிடம் மற்றவர்களின் துணியும் வரிசையில் நிற்கும்.

அதனால் எல்லா மெஷினையும் ஓட வைக்கப் பார்ப்பதைவிட, எந்த இடத்தில் நெரிசலோ அதை முதலில் திட்டமிட்டு மற்றதை அதற்கு ஏற்ப இழுத்துக் கட்டுவதுதான் என் பார்வையில் புத்திசாலித்தனம். 2011 ஜனவரியில் கழிவுநீர் வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது தையல் மெஷின்களில் ஒரு கோளாறும் இல்லை, தைக்கத் துணிதான் வரவில்லை.

சரி, சாஃப்ட்வேர் போட்டுத் தரும் திட்டம்? நல்லதுதான். ஷேடு சேரவில்லை என்று ஒரு லாட் மறு சாயத்துக்குத் திரும்பிய அன்றே அந்த சாஃப்ட்வேரை மறுபடி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.