செரெங்கெட்டி மரங்களை வளர்த்த மாட்டு ஊசி

தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் வில்டபீஸ்ட் கூட்டம் கடந்துபோன இடத்தில் புல் தரையோடு ஒட்ட மேய்ந்து கிடக்கும். மாட்டு முகமும் தாடியும் கொண்ட இந்த மறிமான்கள் இன்று அங்கே சுமார் 13 லட்சம். 1960களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம்தான் இருந்தன. இந்தப் பெருக்கத்துக்கு முக்கியக் காரணம் ஒரு தடுப்பூசி. அதையும் வில்டபீஸ்டுக்குப் போடவில்லை, பூங்காவைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத்தான் போட்டார்கள்.

அந்த ஊசி வெக்கை நோய்க்கு (rinderpest), அதாவது மாடுகளைக் கொல்லும் ஒரு வைரஸ் தொற்றுக்கு எதிரானது. 1890 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த இந்த நோய், மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் மந்தைகளை அழித்தது. குளம்புள்ள காட்டு விலங்குகளையும் விடவில்லை. வில்டபீஸ்ட் கன்றுக்கு முதல் சில மாதங்கள் ஆபத்தில்லை. நோயிலிருந்து தேறிய தாயின் சீம்பால் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி காக்கும். அது தீர்ந்ததும் கன்று நோயில் விழும். ஒரு வயதை ஒட்டிக் கொத்துக் கொத்தாகச் செத்தன. காட்டு விலங்குகள்தான் நோயைத் தேக்கி வைத்திருக்கின்றன என்று பலர் நம்பினார்கள். மாடுகளுக்கு ஊசி போட்டதும் காட்டிலும் நோய் ஓய்ந்துவிட்டது. அதாவது, கொடுத்தது மாடு, வாங்கியது மான்!

கன்றுகள் பிழைத்தன. 1970களில் கோடையில் கூடுதலாகப் பெய்த மழையும் கைகொடுக்க, 1977க்குள் மந்தை ஐந்து மடங்கானது. சரி, மரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தீதான். இத்தனை வாய்கள் மேய்ந்தால் கோடையில் காய்ந்து நிற்கப் புல் ஏது? புல் இல்லாமல் தீ பரவாது. அங்கே தீ பெரும்பாலும் மனிதர்கள் வைப்பது. முன்பெல்லாம் ஆண்டுதோறும் பெரும்பகுதி எரியும். வேல மரக் கன்று முழங்கால் உயரம் வந்ததும் கருகும். வேர் சாகாது, மழையில் துளிர்க்கும், அடுத்த கோடையில் மறுபடி கருகும். வயது ஏறும், உயரம் ஏறாது. சில வருடம் தீ படாமல் தப்பி ஆளுயரம் தாண்டிவிட்டால், புல்தீயின் நாக்கு கொப்புக்கு எட்டாது. அப்புறம் அது மரம். வில்டபீஸ்ட் பெருகிய பிறகு பூங்காவின் பல பகுதிகளில் மரங்கள் அடர்ந்தது இப்படித்தான்.

தெற்குச் சமவெளியில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. எரிமலைச் சாம்பல் அங்கே மண்ணுக்கடியில் பாறைபோல இறுகிக் கிடக்கிறது. மர வேர் இறங்க வழியில்லை. ஆனால் அதே சாம்பலால் அங்குள்ள கட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். பால் சுரக்க இரண்டும் வேண்டும் என்பதால், பிப்ரவரி வாக்கில் தாய்கள் கன்று ஈனுவது அந்த மரமில்லாத வெளியில்தான்.