சுருதி சேராத ரீங்காரம்

பாடகர் தோடி ஆலாபனையை முடித்த பிறகு, வயலின்காரர் வில்லை எடுப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று விநாடிகள் தம்புராவின் நாதம் மட்டும் அரங்கில் நிற்கும். ஆறு ஆண்டுகளாக அந்த இடைவெளியில் எனக்கு இன்னொன்றும் கேட்கிறது. இரு காதுகளுக்குள்ளும் மெல்லிய கம்பி போல, ஏறாமல் இறங்காமல், "ஙொய்" என்று ஓர் ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது. மருத்துவர்கள் இதைக் காதிரைச்சல் என்கிறார்கள். இது தனி நோயன்று, ஓர் அறிகுறி மட்டுமே. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான கணக்கின்படி, வயது வந்தவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் இதை அனுபவித்திருக்கிறார்கள். ஆனால் சுரத்தை நீட்டி நிறுத்தும் கார்வையின் கடைசித் துளி வரை கேட்டுப் பழகிய ரசிகருக்கு இது செய்யும் தொல்லை வேறு வகையானது. ஒலிகளை இது பெரும்பாலும் கெடுப்பதில்லை, ஒலிகளுக்கு இடைப்பட்ட மௌனத்தைத்தான் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்லியாவை நீட்டிப் பிடித்தால் சுமார் 35 மில்லிமீட்டர் இருக்கும். ஹார்மோனியக் கட்டைகளைச் சுருட்டி வைத்தாற்போல, அதன் அடிவாயில் உச்ச ஒலிகளும் நுனியில் மந்திர (தாழ்ந்த) ஒலிகளும் பதிகின்றன. ஒலியை மூளைக்கு அனுப்பும் உள் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 3,500. மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் வெளி மயிர்ச்செல்கள் சுமார் 12,000. இவை ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. (கோழிக்கு முளைக்கின்றன என்பதைப் படித்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.) உரத்த ஒலி முதலில் தாக்குவது பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவு) வரையுள்ள பகுதியைத்தான். காதுக்குழாயின் நீளமே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகப் பெருக்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். கேட்புச் சோதனையில் எனக்குக் கிடைத்த வரைபடத்திலும் கோடு சமமாக வந்து, அந்த இடத்தில் சட்டென்று ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தது. கல்லூரி நாள்களில் பேருந்து இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று வாக்மேனின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனதும், கல்யாண மண்டபங்களில் தவிலுக்கு நேர் முன்னால் இடம் பிடித்ததும் அப்போது நினைவுக்கு வந்தன.

செல்கள் அழிந்தால் அந்த இடத்தில் ஒலி கேட்காமல் போக வேண்டும். இல்லாத ஒலி ஏன் கேட்கிறது? செவி நரம்பின் இழைகள் அமைதியிலும் ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பவை. ஒரு பகுதியிலிருந்து செய்தி வருவது குறைந்தால், மூளைத்தண்டிலும் அதற்கு மேலும் உள்ள நரம்பணுக்கள், நிலையம் கிடைக்காத வானொலியின் ஒலிக்குமிழைத் திருகிக் கூட்டுவது போல, தம் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றன. அப்போது அவற்றின் சொந்தத் துடிப்பே பெருகி, ஒன்றோடொன்று இசைந்து, ஒலியாக உணரப்படுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். கட்டி முதலிய காரணங்களுக்காகச் செவி நரம்பையே வெட்ட நேர்ந்தவர்களில் பலருக்கு, அந்தக் காது முற்றிலும் கேளாமற்போன பின்னும் இரைச்சல் நிற்கவில்லை. மாறாக, நல்ல கேட்புத்திறன் உள்ளவர்களின் ஒரு காதை ஒரு வாரம் அடைத்து வைத்த ஓர் ஆய்வில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் ஒலி கேட்கத் தொடங்கி, அடைப்பை எடுத்ததும் மறைந்தது.

ஒரு நாள் இரவு, கைப்பேசியில் ஒற்றை ஒலி எழுப்பும் செயலியை வைத்துக்கொண்டு என் இரைச்சலுக்குச் சுருதி தேடினேன். 1,000 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல ஏற்றியபோது 6,000-ஐ ஒட்டி இரண்டும் ஒன்றாகக் கலந்து, எது வெளியே எது உள்ளே என்று பிரிக்க முடியாமல் போயிற்று. பிறகு அது எந்தச் சுரம் என்று பாடிப் பார்த்தேன். எந்த இடத்திலும் உட்காரவில்லை. என் ஞானக் குறைவு என்றே முதலில் நினைத்தேன். ஆனால் ஒலியலையின் ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒத்து நரம்பு துடிக்கும் திறன் 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மங்கிவிடுவதால், அந்த உயரத்தில் நம்மால் ஒலியைக் கேட்க முடிந்தாலும் ராகமாக அறிய முடிவதில்லை என்று கருதப்படுகிறது. பியானோவின் கடைசிக் கட்டை 4,186 ஹெர்ட்ஸில் நின்றுவிடுவதும் இதோடு பொருந்தி வருகிறது. ஆக, என் இரைச்சல் எந்தச் சுருதியோடும் சேராது. சேராததால் எந்தச் சுருதியையும் கலைக்கவும் அதனால் முடியாது. இரைச்சல் இதைவிடத் தாழ்ந்த ஒலியாக அமைந்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. 1874-இல் கேட்கும் திறனை இழந்த செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெத்தனா, 1876-இல் எழுதிய வயலின் வகைக் கருவிகள் நான்குக்கான தம் முதல் நால்வர் படைப்பின் இறுதிப் பகுதியில், தம் காதில் ஒலித்த உச்ச ஒலியின் அடையாளமாக வயலினில் ஒரே சுரத்தை நீளமாக நிறுத்தி வைத்தார். அது சுரமாக அறியக்கூடிய உயரத்திலேயே இருக்கிறது.

தம்புராவுக்கு வருவோம். ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியைக் கணுவாக, அதாவது அசையாத இடமாக, கொண்ட மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள்) ஒலிக்கக் கூடாது என்பது இயற்பியலின் பழைய விதி. கம்பிகளைத் தாங்கும் வளைந்த குதிரை கொண்ட வீணையிலும், அதன் மேல் நூலும் வைத்த தம்புராவிலும் அவையும் முழக்கமாக ஒலிக்கின்றன என்று சி. வி. ராமன் 1921-இல் எழுதினார். அந்த அடர்ந்த மேற்சுரக் கூட்டம் என் இரைச்சலை முழுதும் மூடுவதில்லை. மூளை பற்றிக்கொள்ள வேறொன்றைக் கொடுப்பதால் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஒப்பிட்டு அளந்தால் காதிரைச்சலின் உரப்பு பெரும்பாலும் கேட்பு எல்லையைவிட, அதாவது காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியைவிட, சில டெசிபல்தான் மேலே இருக்கும். மனத்தை அலைக்கழிப்பது அந்த அளவன்று, அதன் மேல் விழும் கவனமே. நுண்ணொலி தேடிப் பழகிய காது அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை இரைச்சலைக் குறைக்காமலே துன்பத்தைக் குறைப்பதும் இதனால்தான்.

கச்சேரியை விட்டுவிடச் சொல்லி நண்பர்கள் சொன்னார்கள். நான் விடவில்லை, இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருப்பதும் 100 டெசிபலில் 15 நிமிடம் இருப்பதும் காதுக்கு ஒன்று என்று கணக்கிடுகிறார்கள் என்பதால், ஒலிபெருக்கிக்கு அருகே உட்காருவதில்லை. பஞ்சு வைப்பதால் பயன் மிகக் குறைவு. எல்லா ஒலிகளையும் ஒரே அளவாகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான் நாதத்தின் நிறத்தை அதிகம் கெடுப்பதில்லை. ஆனால் நாள் முழுதும் அடைத்துக்கொண்டு திரிந்தால் மூளை ஒலிக்குமிழை இன்னும் கூட்டும். ஒரு காதில் மட்டும் இரைச்சல் வந்தாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலும், காது திடீரென்று மந்தமானாலும் தள்ளிப் போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில வேளை காரணம் வெறும் குறும்பியாகவும் இருக்கும்.

இரைச்சலின் உயரத்தை ஒட்டிய ஒலியை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தினால், பலருக்கு இரைச்சல் சில விநாடிகள் அடங்கிவிடும். தூங்கப் போகும் முன் சில நாள்களில் நான் அதைச் செய்து பார்க்கிறேன். ஒலியை நிறுத்தியதும் அறை முழுதும் காலியாகிறது; மின்விசிறியின் சுழற்சியும் தெருக்கோடியில் ஒரு நாய் குரைப்பதும் தனித்தனியே கேட்கின்றன. எண்ணிக்கொண்டே இருப்பேன். இருபதுக்குள், சில நாள் முப்பதுக்குள், "ஙொய்" திரும்பி வந்துவிடும்.