குவித்து வைத்த மண்ணின் ஆயுள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குத் தென்கிழக்கே, டார்லிங் மலைத்தொடரின் மேல் ஜாரா மரக் காடு பரந்து கிடக்கிறது. அலுமினியத்தின் மூலத்தாதுவான பாக்சைட், அந்தக் காட்டின் அடியில் பெரும்பாலும் நான்கைந்து மீட்டர் தடிமனில் படிந்திருக்கிறது. அல்கோவா நிறுவனம் 1963இல் அங்கே தாது வெட்டத் தொடங்கியது; 1966இல் வெட்டி முடித்த குழிகளை மீண்டும் காடாக்கும் பணியும் தொடங்கியது. வேலையின் வரிசையைச் சொல்வது எளிது: மரங்களை அகற்றி, மண்ணை வழித்து ஒதுக்கி, அடியில் உள்ள கெட்டியான பாறை அடுக்கைத் தகர்த்து, தாதுவை அள்ளிச் செல்ல வேண்டும். அந்தக் குழியில் பிற்காலத்தில் காடு வருமா, களை வருமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, ‘மண்ணை வழித்து ஒதுக்கி’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்ட பகுதிதான்.

மேல்மண், அடிமண் என்று நம் உழவர்கள் பிரித்துச் சொல்வது போலவே அங்கும் மண்ணை இரண்டு முறை வழிக்கிறார்கள். முதல் முறை, மேலே உள்ள சுமார் 15 செ.மீ. மட்டும். மக்கிய இலைதழை, நுண்ணுயிர்கள், மெல்லிய வேர்கள், தாவரச் சத்துகளின் பெரும்பகுதி எல்லாம் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. விதைகள் அதைவிடவும் மேலே, பெரும்பாலும் முதல் 5 செ.மீ. ஆழத்துக்குள், கிடக்கின்றன. அதன் பிறகே சரளை கலந்த அடிமண்ணைத் தனியாக வழித்து வேறிடத்தில் வைக்கிறார்கள். இரண்டையும் ஒரே வீச்சில் அள்ளினால் செலவு குறையும். ஆனால் விதையும் சத்தும் நிறைந்த மெல்லிய படலம் அதைப் போல மூன்று நான்கு மடங்கு வெற்று மண்ணில் கலந்து நீர்த்துப்போகும். ஆழத்தில் புதைந்த சிறு விதை முளைத்தாலும், ஒளியை எட்டுவதற்குள் தன்னிடமுள்ள சேமிப்பைத் தீர்த்துவிடும்.

அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை எடுத்தால் 1,500 கன மீட்டர் சேரும். எடையில் ஏறத்தாழ 2,000 டன். தோண்டிய மண் தளர்ந்து உப்பும் என்பதால், ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் 1,800 கன மீட்டர். அதை 2 மீட்டர் உயரத்துக்குக் குவிக்க 900 சதுர மீட்டராவது வேண்டும். பக்கங்கள் சரிவாக இருக்க வேண்டியிருப்பதால் உண்மையில் இன்னும் அதிகம். பத்து ஹெக்டேர் வெட்டினால், மண்ணை வைப்பதற்கு மட்டும் ஒரு ஹெக்டேருக்கு மேல் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. இட நெருக்கடியில் இருக்கும் சுரங்க மேலாளருக்கு ஐந்தாறு மீட்டர் உயரத்துக்குக் குவித்துவிடும் ஆசை வருவதில் வியப்பில்லை.

அந்த உயரம்தான் மண்ணைக் கெடுக்கிறது. குவியலின் மேற்புறத்து மண் காற்றை வாங்கிக்கொண்டிருக்கும். களிமண் பாங்கான குவியலில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழே காற்று எளிதில் புகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்த பின், அது தேவைப்படாத வகைகள் தலையெடுக்கின்றன. மாடித்தோட்டத்துக்கு வாங்கிய மண் மூட்டையை மழையில் நனையவிட்டு, வாய் கட்டிய நிலையிலேயே சில மாதம் போட்டுவைத்துப் பிறகு பிரித்தவர்களுக்கு அந்த அழுகல் வாடை தெரிந்திருக்கும். பழைய குவியல் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெளிப்புறம் பழுப்பாகவும் உட்புறம் சாம்பலும் நீலமும் கலந்த நிறமாகவும் இருப்பதைக் காணலாம். மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜன் இல்லாமல் வேதிமாற்றம் அடைந்ததன் அடையாளம் அது.

தழைச்சத்துக்கு நேர்வது இன்னும் நுட்பமானது. கரிமப் பொருள் சிதையும்போது அம்மோனியம் உண்டாகும். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். குவியலின் உள்ளே அது இல்லாததால் முதல் வேலை தொடர்கிறது, இரண்டாவது நின்றுவிடுகிறது. அம்மோனியம் சேர்ந்துகொண்டே போகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் குவியலைக் கலைத்து விரித்ததும், காற்றுப் பட்டு அவ்வளவும் விரைவாக நைட்ரேட்டாக மாறுகிறது. அப்போது நிலத்தில் அதை உறிஞ்ச வேர்கள் கிடையாது. நைட்ரேட் நீரில் எளிதில் கரையக்கூடியது. முதல் பெருமழை அதைக் கீழே இழுத்துச் சென்றுவிடும். ஆய்வகச் சோதனையில் வளமாகத் தெரிந்த மண், ஒரு பருவத்துக்குள் ஏழையாகிவிடுவது இப்படித்தான். வேர்களோடு கூட்டுவாழ்வு நடத்தும் பூஞ்சைகளும் மண்புழுக்களும் இதற்கு முன்பே குறைந்துபோயிருக்கும், ஏனென்றால் அந்தப் பூஞ்சைகளுக்கு உணவளிப்பது உயிருள்ள வேர். குவியலின் நடுவில் அது இல்லை.

அள்ளும் நேரத்திலும் சேதம் நிகழ்கிறது. நல்ல மண் பொடியாக இருக்காது. பசை போன்ற கரிமப் பொருளும் பூஞ்சை இழைகளும் பிடித்து வைத்த சிறு சிறு கட்டிகளாக, இடையில் காற்றும் நீரும் செல்லும் துளைகளோடு இருக்கும். ஈரமாக இருக்கும்போது அதன் மீது கனரக வண்டி ஏறினால் அந்தக் கட்டிகள் நசுங்கிச் சேறாகும். இதைத் தவிர்க்க உதவும் ஒரு சோதனைக்குக் கருவியே தேவையில்லை. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து முறுக்குப் பிழிவது போல இழையாக உருட்டிப் பார்க்க வேண்டும், 3 மி.மீ. தடிமன் வரை உடையாமல் உருண்டால் அன்று அந்த மண்ணைத் தொடக் கூடாது, அதற்கு முன்பே பொடிந்து உதிர்ந்தால் அள்ளலாம். வாடகை இயந்திரங்கள் காத்து நிற்கும்போது இந்தச் சோதனைக்குக் கட்டுப்படுவது எளிதல்ல என்றாலும், ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தப் போய் இழக்கும் மண்ணமைப்பு மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

சேமித்தே ஆக வேண்டுமென்றால் உயரத்தைச் சுமார் 2 மீட்டருக்குள் வைத்து, மேலே வண்டி ஏறாமல், சுற்றிலும் வடிகால் வெட்டி, உடனே புல்லோ பயறு வகையோ விதைப்பது வழக்கம். விதைக்காமல் விட்டால் களைகள் தாமாக வரும். அந்தக் களைகளின் விதைகளைத்தான் பிறகு நிலம் முழுக்க நாமே பரப்புவோம்.

ஜாரா காட்டில் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் குவிக்காமலேயே தீர்க்கிறார்கள். அங்கே தாது ஒரே பெரும் குழியாக அல்லாமல், காட்டுக்குள் சிறு சிறு திட்டுகளாகக் கிடக்கிறது. எனவே ஒரு திட்டைத் திறக்கும் நேரத்திலேயே அருகில் இன்னொன்று வெட்டி முடிந்து மண்ணுக்குக் காத்திருக்கும். புதிதாக வழித்த மேல்மண்ணை நேராக அங்கே கொண்டுபோய் விரித்துவிடலாம். கோடையின் வறட்சியில் மண்ணை மாற்றி, மே மாதவாக்கில் தொடங்கும் குளிர்கால மழைக்கு முன் விரித்துவிட வேண்டும் என்பது இதில் முக்கியம். ஈரக் குவியலுக்குள் மாட்டிக்கொண்ட விதை இருட்டிலேயே முளைத்து மடிந்துவிடும். அந்தக் காட்டுத் தாவரங்களில் பலவற்றின் விதைகள் காட்டுத்தீக்குக் காத்திருப்பவை. முளைக்கத் தூண்டும் புகைச் சேர்மம் ஒன்றைப் பெர்த் ஆய்வாளர்கள் 2004இல் அடையாளம் கண்டார்கள். அதற்குக் கேரிக்கினோலைடு என்று பெயர்.

ஆனால் கையில் இருக்கும் மண்ணையெல்லாம் எங்கும் கொட்டிவிட முடியாது. ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிரி வேர்களை அழுகச் செய்து ஜாரா மரங்களையும் பேங்க்சியாக்களையும் கொல்கிறது. அது மண்ணோடும் நீரோடும் பயணம் செய்யும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே காட்டை நோயுள்ள பகுதி, நோயற்ற பகுதி என்று வரைபடமாக்கி, இரண்டின் மண்ணையும் கலக்காமல் வைத்து, எல்லையைத் தாண்டும் வண்டிகளின் சக்கரங்களில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டே அனுப்புகிறார்கள். மண்ணை உயிருள்ள பொருளாக நடத்துவதற்கு, அதில் உள்ள நோயையும் கணக்கில் கொள்வது ஒரு நிபந்தனை.

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இந்த வசதி குறைவு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் 50 மீட்டருக்கும் அதிகமான மண்ணும் மணற்பாறையும் கிடக்கின்றன. அதில் வளமான மேல்மண் நூற்றில் ஒரு பங்குகூட இராது. இத்தகைய ஆழமான குழியில் முதலில் வழித்த மண்ணுக்குத் திரும்பிச் செல்ல இடம் உருவாகவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால், குவியல் தவிர்க்க முடியாதது. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க மறுசீரமைப்புச் சட்டம், மேல்மண்ணைத் தனியே எடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. முதல்தர வேளாண் நிலமாக இருந்தால் விதி இன்னும் கடுமை: அக்கம்பக்கத்து வெட்டப்படாத நிலங்களுக்கு இணையான விளைச்சலைக் குறைந்தது 3 பயிர் ஆண்டுகள் அளந்து காட்டியாக வேண்டும். குவியல் எவ்வளவு ஒழுங்காக இருந்தது என்பது அங்கே விடையல்ல. நெல்லோ சோளமோ, களத்துக்கு வந்த மூட்டைக் கணக்குத்தான் விடை.

மண்ணைத் திரும்பப் பரப்பும் முன், வண்டிகள் ஓடி இறுகிய குழியின் தரையை ஒரு மீட்டருக்கும் அதிக ஆழத்துக்குக் கீறிப் பிளக்க வேண்டும். இல்லையேல் வேர் மேல்மண்ணோடு நின்றுவிடும். ஜாரா குழிகளில் அடிமண்ணை முதலிலும் மேல்மண்ணை அதன் மேலும் பரப்பி, சமஉயரக் கோட்டில் மீண்டும் உழுது, உழுத மண் இறுகும் முன்பே கூடுதல் விதையும் தூவுகிறார்கள். இவ்வளவும் சரியாக நடந்தாலும் சில செடிகள் வருவதில்லை. தீக்குப் பின் வேர்க்கிழங்கிலிருந்தே துளிர்க்கப் பழகிய கோரை வகைத் தாவரங்கள் சில மிகக் குறைவாகவே விதை வைக்கின்றன. மண்ணுக்குள் அவற்றின் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அவற்றை நாற்றங்காலில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கி, ஒவ்வொன்றாகக் கையால் நட வேண்டியிருக்கிறது.