துவரம்பருப்பா, கொண்டைக்கடலையா, புளியங்கொட்டையா?

தனுஷ்கோடியில் காற்று எப்படி அடிக்கும் என்று போய்வந்தவர்களுக்குத் தெரியும். மணல் காலில் குத்தும், கண்ணுக்குள் போகும், சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள்ளும் போகும். அன்றைக்கு என் கேமராவுக்குள்ளும் போனது. சட்டைப்பையில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா அது. பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் பாதிவரை வெளியே வந்தது, 'கர்ர்' என்றது, அப்படியே நின்றுவிட்டது. லென்ஸில் கோளாறு என்று திரையில் ஒரு வரி. அணைத்துப் போட்டேன், தட்டினேன், ஊதினேன். ஊதியிருக்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

சென்னை ரிச்சி தெருவில் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் காதருகே வைத்து ஒரே ஒரு முறை ஆன் செய்தார். "கியர்ல மண்ணு சார். லென்ஸ் செட்டையே மாத்தணும். அந்தக் காசுக்கு வேற கேமராவே வாங்கிடலாம்."

"சென்சார்?" என்று கேட்டேன். லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சிப் அது.

"அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. கண்ணு நல்லாத்தான் இருக்கு, இமைதான் தெறக்கல."

சின்ன கேமராக்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய இரண்டு மூன்று குழாய்கள்தான் அந்த லென்ஸ். குழாயின் உள்சுவரில் திருகுபோல வளைந்து செல்லும் பள்ளங்கள் இருக்கும். அடுத்த குழாயின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளைகள் அந்தப் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு போகும். நகத்தளவு மோட்டார் ஒன்று பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் வழியாக இதைச் சுழற்றுகிறது. குழாய் எங்கே நிற்கிறது என்பதை ஒளியால் இயங்கும் ஒரு சிறு உணரி பார்த்துக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் குழாய் போய்ச் சேரவில்லை என்றால், பற்கள் உடைந்துவிடாமல் இருக்க கேமரா மோட்டாரை நிறுத்திவிடும். ஒரு மணல் துகளே இதற்குப் போதும். நான் ஊதியபோது இன்னும் நாலு துகள்களை உள்ளே அனுப்பி வைத்திருப்பேன்.

வீடியோ பார்த்து நாமே பிரித்துச் சரிசெய்யலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஃபிளாஷுக்கு மின்சாரம் சேமித்து வைக்கும் மின்தேக்கி ஒன்று உள்ளே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் 300 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். அதை அந்தக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம்.

சரி, வேறு கேமரா. குறைந்த விலையில் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது கேள்விப்படாத பெயர்களில் 48 மெகாபிக்சல், 64 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம் என்று அடுக்கிய விளம்பரங்கள். இவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது மலிவான, மிகச் சிறிய சென்சார். அது பார்த்தது சில மெகாபிக்சல்தான். மீதிப் புள்ளிகளை மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இட்டு நிரப்புகிறது. அந்த 16 மடங்கு ஜூமும் படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுப்பதுதான். பட்டியலில் 'ஆப்டிகல் ஜூம்', அதாவது லென்ஸையே நகர்த்திப் பெரிதாக்குவது, என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

மெகாபிக்சல் என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே; பத்து லட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல். 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் 10,000 புள்ளிகள், அதாவது 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. அங்கிருந்து 2 மெகாபிக்சலுக்கு வந்தது பெரிய தாவல். 4க்கு 6 அங்குல அச்சுப் படத்துக்கு அதுவே போதும். 4கே தொலைக்காட்சித் திரை முழுக்க நிரப்ப 8 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். அதற்கு மேலே போகப் போக, பெரிதாக அச்சிடவோ வெட்டி எடுக்கவோ செய்யாதவர்களுக்குக் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே வரும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? சென்சாரின் பரப்பைத்தான். இங்கே ஒரு பழைய குழப்பம் வந்து சேர்கிறது. சென்சார் அளவை 1/2.3 அங்குலம், 1/1.7 அங்குலம், 1 அங்குலம் என்று எழுதுவார்கள். 1 அங்குல சென்சாரை அளந்து பாருங்கள், 25.4 மில்லிமீட்டர் எங்குமே வராது. அகலம் 13.2, உயரம் 8.8, மூலைக்கு மூலை சுமார் 16 மில்லிமீட்டர். பழைய தொலைக்காட்சி கேமராக்களில் படம் பிடிக்க ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அந்தக் குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்லும் வழக்கம், குழாய் போன பிறகும் போகவில்லை. பானையின் வாயகலத்தைச் சொல்லிச் சோற்றின் அளவைக் கணக்குப் பண்ணச் சொல்வதுபோலத்தான்.

அதனால் அங்குலத்தை விட்டுவிட்டுச் சமையலறைக்கு வருவோம். விலை குறைந்த சின்ன கேமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குல சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். ஒரு துவரம்பருப்பு. 1/1.7 அங்குலம் 7.6க்கு 5.7. ஒரு கறுப்புக் கொண்டைக்கடலை. 1 அங்குலம் ஒரு புளியங்கொட்டை. திருமண வீட்டுப் புகைப்படக்காரர் தோளில் தொங்கும் முழுச்சட்டக கேமராவில் 36க்கு 24; தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது. பரப்பில், புளியங்கொட்டை துவரம்பருப்பைப்போல 4 மடங்கு.

பரப்புக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ஒளி சீரான தண்ணீர்போல ஓடி வருவதில்லை, துகள்துகளாக வருகிறது. ஒவ்வொரு ஒளித்துகளும் சிலிக்கானில் பட்டு ஒரு எலக்ட்ரானை விடுவிக்கலாம். கேமரா கடைசியில் அந்த எலக்ட்ரான்களைத்தான் எண்ணுகிறது. தூறல் தொடங்கும்போது மொட்டைமாடித் தட்டோடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு ஓட்டில் ஐந்து துளி, பக்கத்து ஓட்டில் இரண்டு, அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை. மழை வலுத்தால் எல்லா ஓடும் ஒன்றுபோல நனைந்துவிடும். இருட்டில் எடுத்த படத்தில் தெரியும் பொரிப்பொரியான புள்ளிகள் அந்தத் தூறல்தான். கணக்கும் எளிது: சராசரியாக 100 துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 விழுக்காடு. 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, ஒரு விழுக்காடு. ஆக, சேர்கிற ஒளி கூடக்கூடப் படம் தெளியும்.

சேரும் ஒளி சென்சார் பரப்போடு நிற்காது, லென்ஸின் வாயையும் பொறுத்தது. எஃப் 1.8, எஃப் 3.3 என்று லென்ஸின் முகப்பிலேயே எழுதியிருக்கும். எண் சிறியதானால் வாய் பெரிது. எஃப் 3.3 லென்ஸ் போட்ட துவரம்பருப்பு கேமராவையும், 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100ஐயும் அகலக் கோணத்தில் வைத்து, ஒரே காட்சியை ஒரே ஷட்டர் நேரத்தில் எடுத்தால் பின்னதற்குச் சுமார் 14 மடங்கு ஒளி கிடைக்கும். அதன் லென்ஸ் எஃப் 1.8, சென்சார் புளியங்கொட்டை. இரண்டுமே ஏறக்குறைய 20 மெகாபிக்சல் என்றுதான் பெட்டியில் போட்டிருக்கும்!

சென்சாருக்கு நிறமும் தெரியாது என்பது இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கும். பச்சை பாதி, சிவப்பும் நீலமும் கால் கால். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒரு புள்ளி ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது, மற்ற இரண்டை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிடம் கேட்டு ஊகிக்கிறது. ஆக, நேர்மையான கேமராவே மூன்றில் இரண்டு பங்கு நிறத்தை ஊகித்துத்தான் எழுதுகிறது. அதன்மேல் இல்லாத புள்ளிகளையும் ஊகித்து ஏற்றினால் என்ன மிஞ்சும்?

பெரிய ஜூமுக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சங்கதி. ஒளி அலையும்கூட. சிறிய துவாரத்தின் வழியே போகும்போது அது விரியும், புள்ளியாக விழவேண்டிய இடத்தில் சிறு வட்டமாக விழும். மலிவு கேமராவை ஜூமின் கடைசிவரை நீட்டினால் லென்ஸ் எஃப் 6.9 அளவுக்கு ஒடுங்குவது சாதாரணம். அப்போது பச்சை ஒளியின் அந்த வட்டம் சுமார் 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துவரம்பருப்பில் 20 மெகாபிக்சலைத் திணித்தால் ஒரு புள்ளியின் அகலம் 1.2 மைக்ரான்தான். ஒரே ஒளிவட்டம் ஏழெட்டுப் புள்ளி அகலத்துக்குப் படர்ந்து கிடக்கும். லென்ஸை எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் இதைத் தாண்ட முடியாது, இது இயற்பியல். தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. கேனான் 2008இல் வெளியிட்ட ஜி10இல் 14.7 மெகாபிக்சல் இருந்தது. அடுத்த ஆண்டு ஜி11இல் அதை 10ஆகக் குறைத்தார்கள். அதே அளவு சென்சார்தான். விளம்பர எண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்ட அபூர்வமான நிகழ்ச்சி அது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கையில் போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், நியாயமான கேள்விதான். இன்றைய நல்ல போன்கள் பலவற்றின் முதன்மை சென்சார் துவரம்பருப்பைவிடப் பெரியது. போதாததற்குப் போன் ஒரு அழுத்தலில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, தூறலை மழையாக்கிவிடுகிறது. மாலை நேரத்தில் ஜூம் இல்லாமல் எடுத்தால் போன்தான் ஜெயிக்கும். சின்ன கேமராவுக்கு மிச்சமிருப்பவை இரண்டு: உண்மையாகவே நகர்கிற லென்ஸ், அப்புறம் செனான் ஃபிளாஷ். போனில் இருப்பது விளக்கு. செனான் ஃபிளாஷ் மின்னல். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் வெடித்து முடிந்துவிடும். ஓடுகிற குழந்தை அதில் உறைந்து நிற்கும். இந்த இரண்டும் வேண்டாம் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

ஃபிளாஷ் அடித்த அந்தப் பழைய தோற்றத்துக்காகவே இப்போது இளவட்டங்கள் 2000களின் கேமராக்களைத் தேடுகிறார்கள், அந்தக் காலத்து சிசிடி வகை சென்சார்தான் வேண்டும் என்கிறார்கள். கட்டட வேலையில் சாந்துச் சட்டியைக் கை மாற்றி மாற்றி மேலே கொண்டுபோவதைப்போல, சிசிடியில் ஒவ்வொரு புள்ளியின் மின்னூட்டமும் பக்கத்துப் புள்ளிகள் வழியே நகர்ந்து வாசலுக்கு வந்த பிறகே அளக்கப்படுகிறது. இப்போது பரவலாக இருக்கும் சீமாஸ் வகை சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக ஒரு பெருக்கி உண்டு. வேகம் அதிகம், பேட்டரிச் செலவு குறைவு. சிசிடியைக் கண்டுபிடித்த வில்லார்ட் பாயலுக்கும் ஜார்ஜ் ஸ்மித்துக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பெருமையைக் குறைக்கவில்லை, ஆனால் அந்த நிறம் சிசிடியால் மட்டும் வருவதாக நான் நம்பவில்லை. வடிகட்டியும், படத்தைச் சமைக்கும் மென்பொருளும், நேருக்கு நேர் அடிக்கும் ஃபிளாஷும்தான் அதில் பெரும்பங்கு.

குறைந்த விலையில் நல்லதாக வேண்டுமானால் பழையதுதான் வழி. காரணம் சந்தையில் இருக்கிறது. 2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின, அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சின்ன ரகம். 2023இல் அந்த ரகம் 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. புது மாடல்கள் அபூர்வம். பழையவை அலமாரிகளில் தூங்குகின்றன.

பழையதை வாங்கப் போகும்போது அந்தக் கடைக்காரரின் வைத்தியம்தான் எனக்கும் உதவியது. காதருகே வைத்து ஆன் செய்து, அணைத்து, மறுபடி ஆன் செய்வது. ஒரு பத்து முறை. சத்தம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல இருக்கவேண்டும், நடுவில் திக்கக்கூடாது. ஜூமைக் கடைசிவரை நீட்டி வெளிச்சமான வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும். குழாய் வெளியே போகும்போதெல்லாம் காற்றை உறிஞ்சும், கூடவே தூசியையும். சென்சாரில் தூசி இருந்தால் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் மங்கலான கறை தெரியும். பிறகு கைவிளக்கைச் சாய்த்து லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல ஏதாவது கிளைத்துத் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரப்பதம் கூடிய கடலோர ஊர்களில் உறைக்குள் வருடக்கணக்கில் மூடிக்கிடந்த கேமராவுக்கு வருகிற வியாதி, கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். பேட்டரி உப்பியிருந்தால் புதியது கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். மிகப் பழைய கேமராக்கள் 2 ஜிபிக்கு மேலான மெமரி கார்டை அடையாளமே கண்டுகொள்ளாது. சில கம்பெனிகள் தங்களுக்கென்றே செய்த கார்டுகள் இப்போது பழைய கடைகளில்தான்.

புளியங்கொட்டை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் கொண்டைக்கடலையில் முடிந்தது: 2010இல் வந்த கேனான் எஸ்95, 10 மெகாபிக்சல், எஃப் 2.0. சிசிடிதான், ஆனால் அதற்காக வாங்கவில்லை. செத்துப்போனது எஃப் 3.3 துவரம்பருப்பு. கணக்குப் போட்டால் அதைவிட 4 மடங்கு ஒளி. ஒரு ஓரத்தில் வண்ணம் உதிர்ந்திருந்தது, அதைச் சொல்லிக் கொஞ்சம் குறைத்துக் கேட்டேன், கொடுத்தார்கள். இப்போது அது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு மூடிபோட்ட டப்பாவில் இருக்கிறது. கடற்கரைக்குப் போகும்போது மட்டும் போன்தான் எடுத்துப்போகிறேன்.