டிமென்ஷியா 'முதுமை மறதி' ஆகுமா?

நினைவும் சிந்தனையும் குலைந்துபோகும் நோய்நிலைதான் டிமென்ஷியா. அந்தச் சொல் எதிர்ப்பட்டதும் மொழிபெயர்ப்பவர்கள் 'முதுமை மறதி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இருக்கிற இரண்டு சொல்லும் தவறு.

இலத்தீனில் 'மென்ஸ்' என்றால் மனம். 'டே' விலகலைக் காட்டும் முன்னொட்டு. மூலத்தில் வயதும் இல்லை, மறதியும் இல்லை.

முதலில் 'முதுமை'. 1906இல் ஜெர்மனியின் டூபிங்கனில் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், பின்னால் தன் பெயரையே பெற்ற நோய்க்கு எடுத்துக்காட்டாக விவரித்த நோயாளி அகுஸ்டே டேட்டர், 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனைக்கு வந்தபோது 51 வயதுக்காரர். நெதர்லாந்தின் ஹென்ட்ரிக்யே வான் ஆண்டல்-ஷிப்பர் என்ற பெண்மணியோ 2005இல் 115 வயதில் இறந்தார். 112, 113 வயதுகளில் நடந்த மூளைத்திறன் சோதனைகளில் 60-75 வயதுக்காரர்களின் சராசரியை மிஞ்சினார். இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்தபோது அல்சைமர் தடயம் ஏறக்குறைய இல்லை. உலகில் சான்றோடு பதிவான மிக நீண்ட ஆயுள் பிரான்சின் ழான் கால்மானுடைய 122 ஆண்டு. அதற்கு ஏழே ஆண்டு குறைவாக வாழ்ந்தவரைத் தொடாத நோய்க்கு முதுமையின் பெயரையா வைப்பது?

'மறதி' இன்னும் மோசம். டேட்டரிடம் முதலில் தென்பட்டதே கணவர் மேல் சந்தேகம்தான். மூளையின் முன்பகுதி கெடும் வகையில் முதலில் நடத்தையோ பேச்சோ மாறும்; 'லூயி' எனும் புரதத் திரள்கள் மூளையில் சேரும் வகையில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். வீட்டார் "ஞாபகம் நல்லாத்தானே இருக்கு" என்று சும்மா இருந்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், பெயர் நாக்கு நுனியில் நின்றாலே நோய் என்று பயப்படுகிறவர்கள். முதலெழுத்தைச் சொன்னதும் வந்துவிட்டால் அது பெரும்பாலும் வயதின் வேகக்குறைவு. அல்சைமரில் துப்புக் கொடுத்தாலும் பல நேரம் வராது. விஷயம் பதிவானால்தானே வருவதற்கு! தைராய்டு குறைவு, பி12 குறைவு போன்ற, மருந்துக்கு மசியக்கூடிய காரணங்களும் 'வயசாயிடுச்சு' என்ற ஒற்றைச் சொல்லில் புதைந்துபோகின்றன.

'மூளைத் தேய்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். 40 வயதுக்குமேல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு மூளை எல்லோருக்கும்தான் சுருங்குகிறது. ஸ்கேனில் தெரியும் அந்தச் சுருக்கத்துக்கே அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்து 'அறளை பெயர்தல்' உயிருள்ள வழக்கு, ஆனால் ஏச்சாகிவிட்டது. நோயாளியின் கோப்பில் எழுத முடியாது.

என் தேர்வு 'அறிதிறன் இழப்பு'. அறிதிறன் என்றால் நினைவு, மொழி, திட்டமிடல், வழியறிதல் எல்லாம் அடங்கும். இருந்தது போயிற்று என்பதை 'இழப்பு' சொல்கிறது. பிறவிக் குறைபாட்டோடு குழம்பாது. 'அறிதிறன் தேய்வு' காதுக்கு இனிமைதான், ஆனால் பக்கவாதத்துக்குப் பின் படிப்படியாக இறங்காமல் திடீரென்று விழுகிறதே, அதற்குத் தேய்வு பொருந்தாது.

டிமென்ஷியாவையும் அல்சைமரையும் ஒன்றாக்கி எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். அல்சைமர் காரணங்களில் ஒன்று. ரத்தக்குழாய் அடைப்பால் வந்த இழப்பைக்கூட 'அல்சைமர்' என்று மொழிபெயர்ப்பவர், சர்க்கரை நோயால் போன பார்வையைக் 'கண்புரை' என்று எழுதுகிறவருக்குச் சமம்.